மில்லி மீட்டரில் அளக்கும் வரி

இயற்பியல் வகுப்பின் முதல் பாடம் அளவீடு. எந்தப் பொருளை ஆராயப் புகுந்தாலும், "இதில் எதை அளக்க வேண்டும்? அதற்கு ஏற்ற கருவி எது?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். காய்ச்சல் எவ்வளவு என்று அறிய நோயாளியின் உயரத்தை ஒருவர் அளந்தால் நாம் சிரிப்போம். அவர் கையிலுள்ள அளவுகோல் பிழையற்றதாக இருக்கலாம். அவரும் மிகக் கவனமாக அளந்திருக்கலாம். ஆயினும் அளக்க வேண்டியது அதுவன்று.

நம் நாட்டில் சிகரெட்டின் மீதுள்ள கலால் வரி இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. அந்த வரி சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து விதிக்கப்படுகிறது. 2026 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரிப் பட்டியலும் அப்படியே அமைந்துள்ளது. வாசகர்களே, அந்தப் பட்டியலை ஓர் அளவீட்டுக் கருவியாகவே கொண்டு, அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று இங்கே பார்ப்போம். வரியே கூடாது என்பவர்களின் பக்கம் நின்று இதை நான் எழுதவில்லை. வரி வேண்டும், அது தன் வேலையைச் செய்யும் வரியாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

படிக்கட்டாக ஒரு வரி

பில்டர் என்னும் வடிகட்டி உள்ள சிகரெட் 65 மி.மீ. நீளத்துக்கு மேற்படாவிட்டால் ஆயிரத்துக்கு 2,100 ரூபாய் கலால் வரி. 65-க்கு மேல் 70 மி.மீ. வரை 4,000 ரூபாய். 70-க்கு மேல் 75 வரை 5,400 ரூபாய். அதற்கும் நீண்டவற்றுக்கு 8,500 ரூபாய். பில்டர் இல்லாத குட்டைச் சிகரெட்டுக்கு 2,050 ரூபாய். இவற்றுக்கு மேல் எல்லாச் சிகரெட்டுக்கும் பொதுவாக 40 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். 65 மி.மீ. சிகரெட் ஒன்றுக்கு வரி 2 ரூபாய் 10 காசு. அதை ஒரே ஒரு மில்லி மீட்டர் நீட்டினால் 4 ரூபாய். ஒரு மில்லி மீட்டருக்காக 1 ரூபாய் 90 காசு! அறிவுள்ள எந்த உற்பத்தியாளரும் 66 மி.மீ. சிகரெட் செய்ய மாட்டார். அவ்வாறே நடந்திருக்கிறது. நம் நாட்டில் விற்கும் சிகரெட்டுகளின் நீளங்கள் 64, 69, 74, 84 மி.மீ. என்று அமைந்துள்ளன. முதல் மூன்றும் வரிப் படியின் விளிம்புக்கு ஒரு மில்லி மீட்டர் உள்ளே நிற்கின்றன. பெட்டிக்கடைக்காரர் எறிந்துவிட்ட காலிப் பெட்டிகளின் உயரத்தை அடிக்கோல் கொண்டு அளந்தால், அரசாங்கத்தின் வரிப் பட்டியலை ஏறக்குறைய நீங்களே எழுதிவிடலாம்.

எங்கள் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி மலைமேல் ஏற ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. படி இருப்பதனால்தான் முதியவர்களும் ஏற முடிகிறது. மூச்சு வாங்கும்போது ஒரு படியில் நின்று இளைப்பாறலாம். படி இல்லாத சரிவான பாறையில் அவ்வாறு நிற்க முடியாது. வரியிலும் இதே நிலைதான். படிகள் உள்ள இடத்தில் சிகரெட் இளைப்பாறுகிறது. மேல்படியில் விலை கட்டுப்படியாகாதபோது புகைப்பவர் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொள்கிறார். வரியை உயர்த்தியவர் எதிர்பார்த்தது அவர் மலையை விட்டே இறங்கிவிடுவார் என்பது.

இந்தப் படிகள் எப்போது வந்தன? 1987-ஆம் ஆண்டு வரை சிகரெட்டின் வரி அதன் விலையோடு இணைந்திருந்தது. அந்த ஆண்டில்தான் நீளம் அடிப்படையாயிற்று. நீளத்தை அளப்பது எளிது. விலையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுவது போல நீளத்தைக் குறைத்துக் காட்ட முடியாது. நிர்வாகத்தின் பார்வையில் இது நியாயமான காரணமே.

ஆனால் பின்னர் நடந்தவை பாடமாக அமைந்தன. 2008-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 60 மி.மீ.க்கு மேற்படாத பில்டர் இல்லாத சிகரெட்டின் வரியை ஆயிரத்துக்கு 168 ரூபாயிலிருந்து 819 ரூபாயாக உயர்த்தினார். ஏறத்தாழ ஐந்து மடங்கு! பில்டர் இருப்பதும் இல்லாததும் வரியில் ஒன்றே என்றாயிற்று. பெரிய நிறுவனங்கள் மலிவான பில்டர் இல்லாத சிகரெட்டுகளைப் பெரும்பாலும் கைவிட்டன. அடிப்படி ஒன்று இடிந்தது என்று நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 2010-ல் 60 மி.மீ. வரையுள்ள பில்டர் சிகரெட்டுக்கெனக் குறைந்த வரியில் ஒரு புதிய படி கட்டப்பட்டது. 2012-ல் அதன் எல்லை 65 மி.மீ. ஆக நீண்டது. உடனே 64 மி.மீ. சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. இடித்த படியின் இடத்தில் வேறொரு படி எழுந்துவிட்டது.

நீளம் எதை அளக்கவில்லை?

நீளமே சரியான அளவு என்று ஒரு வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு மில்லி மீட்டருக்கும் ஒரே வரி இருக்க வேண்டுமல்லவா? கணக்கிட்டுப் பாருங்கள். 64 மி.மீ. சிகரெட்டில் ஒரு மில்லி மீட்டருக்குச் சுமார் 3.3 காசு. 69-ல் 5.8 காசு. 74-ல் 7.3 காசு. 84-ல் 10.1 காசு. குட்டைச் சிகரெட்டின் மில்லி மீட்டரைவிட நீண்ட சிகரெட்டின் மில்லி மீட்டர் மூன்று மடங்கு கொடியதா? புகையிலையின் வேதியியலில் இதற்கு விடை கிடையாது. நீண்ட சிகரெட்டை வாங்குபவர் வசதியுள்ளவர் என்பதே இதற்கு அடிப்படை. அதாவது இந்த அளவுகோல் உண்மையில் அளப்பது வாங்குபவரின் பணப்பையை. அவருடைய நுரையீரலை அன்று.

நுரையீரலுக்கு என்ன நேர்கிறது? ஒரு சிகரெட்டிலுள்ள புகையிலையில் சுமார் 10 மில்லி கிராம் நிக்கோடின் இருக்கும். அதில் ஏறத்தாழ 1 மில்லி கிராம் அளவே புகைப்பவரின் இரத்தத்தில் சேர்கிறது. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளையை எட்டி, அங்குள்ள ஏற்பிகளில் அமர்ந்து, டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோடின் பாதியாகக் குறைகிறது. மூளை மீண்டும் கேட்கிறது. நாளடைவில், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே நிக்கோடின் இறங்கினால் உடல் பொறுப்பதில்லை.

குளிர்பதனப் பெட்டியிலுள்ள வெப்பக் கட்டுப்படுத்தியை நீங்கள் அறிவீர்கள். உள்ளே வெப்பம் ஏறினால் அது தானாகவே இயந்திரத்தை ஓடவிடும். போதிய குளிர் வந்ததும் நிறுத்தும். பழகிய புகைப்பவரின் உடலும் நிக்கோடினை அப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. சிகரெட் குட்டையானால் அவர் ஆழமாக இழுக்கிறார், அடிக்கடி இழுக்கிறார், பில்டரை நெருப்புத் தொடும் வரை விடாமல் பிடிக்கிறார். 84 மி.மீ. சிகரெட்டிலிருந்து 64-க்கு இறங்கியவரிடமிருந்து அரசுக்கு வரும் கலால் வரி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அவர் உடலில் சேரும் நிக்கோடினும் தாரும் அந்த விகிதத்தில் குறைவதே இல்லை.

இவ்வாறு தவறான அளவுகோலை நம்பி உலகம் முன்பும் ஏமாந்ததுண்டு. சிகரெட்டின் தாரை அளக்க ஓர் இயந்திரம் செய்தார்கள். அது நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும். அந்த இயந்திரத்தில் குறைந்த தார் காட்டிய சிகரெட்டுகளை 'லைட்' என்று விற்றார்கள். பில்டரைச் சுற்றி இட்ட நுண்துளைகள் வழியே காற்று நுழைந்து புகையை நீர்க்கச் செய்தது, இயந்திரம் ஏமாந்தது. மனிதனோ விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடிக்கொண்டு, இழுப்பைக் கூட்டி, தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டான். புற்றுநோய் மட்டும் 'லைட்' ஆகவில்லை.

விலை வேலை செய்கிறது

"விலை ஏறினால் மட்டும் யாராவது புகைப்பதை விடுவார்களா?" என்று கேட்போர் உண்டு. விடுகிறார்கள் என்பதே பல நாட்டு அனுபவம். உலக வங்கி 1999-ல் வெளியிட்ட அறிக்கை, விலை 10 சதவீதம் உயர்ந்தால் நுகர்வு செல்வ நாடுகளில் சுமார் 4 சதவீதமும், வருவாய் குறைந்த நாடுகளில் சுமார் 8 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது. பிற்கால மதிப்பீடுகள் ஏழை நாடுகளுக்கு 5 சதவீதத்தை ஒட்டி அமைகின்றன. எண்ணில் வேறுபாடு இருந்தாலும் திசையில் இல்லை. கையில் காசு குறைந்த மாணவர்களும் ஏழைகளும் விலைக்கு அதிகம் அசைந்து கொடுக்கிறார்கள். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், சில்லறை விலையில் குறைந்தது முக்கால் பங்கு வரியாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் வேலை செய்ய வேண்டிய விலை, மக்களின் வருவாயோடு ஒப்பிட்டு உயர வேண்டும். நம் பட்டியலில் வரி ரூபாய்க் கணக்கில் நிலைத்து நிற்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யுடன் வந்த இழப்பீட்டுத் தீர்வை, 64 மி.மீ. சிகரெட் ஆயிரத்துக்கு 5 சதவீதமும் 2,076 ரூபாயும் என்று வரையறுக்கப்பட்டது. 2026 ஜனவரி முடிய, எட்டரை ஆண்டுகள், அந்த எண் அசையவில்லை. இடையில் 2020-லும் 2023-லும் வேறொரு சிறு தீர்வை மட்டுமே உயர்ந்தது. ஓடும் ரயிலில் அசையாமல் அமர்ந்திருப்பவர் தண்டவாளத்தைப் பொறுத்தவரை விரைந்து செல்கிறார். அதுபோல, அசையாமல் நின்ற இந்த வரி, உயர்ந்துகொண்டே போன கூலியைப் பொறுத்தவரை ஆண்டுதோறும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே டீக்கடையில் நின்றால், பெட்டியாக வாங்குபவரைவிட ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவரையே அதிகம் காணலாம். ஒற்றையாக வாங்கும்போது பெட்டியின் 85 சதவீதப் பரப்பிலுள்ள எச்சரிக்கைப் படம் கண்ணில் படுவதில்லை. விலையும் முழு ரூபாயாகவே இருக்கும்; காசுகள் இன்று புழக்கத்தில் இல்லை. எனவே 20 காசு, 30 காசு என்ற சிறு வரி உயர்வு பெரும்பாலும் வாங்குபவரின் கையை எட்டுவதே இல்லை. ஆற்றல் துண்டு துண்டாகவே பரிமாறப்படும் என்ற குவாண்டம் விதி போல, டீக்கடையில் விலை ரூபாய் ரூபாயாகத்தான் தாவும். தாவச் செய்யாத வரி, உணரப்படாத வரி.

எல்லாப் படிகளுக்கும் கீழே

இனி இந்தப் பட்டியலின் மிகப் பெரிய குறைக்கு வருவோம். 2016-17-ஆம் ஆண்டில் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சிகரெட் புகைப்போர் 4.0 சதவீதம், பீடி புகைப்போர் 7.7 சதவீதம், மெல்லும் புகையிலை முதலியவற்றைப் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். மில்லி மீட்டர் அளவுகோல் மிகக் கவனமாக அளப்பது இவர்களில் மிகச் சிறிய கூட்டத்தை! மெல்லும் புகையிலை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே பீடியை மட்டும் பார்ப்போம்.

பீடிக்கு 2017 முதல் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, சிகரெட்டுக்கு இருந்த இழப்பீட்டுத் தீர்வை பீடிக்கு இல்லை. 100 ரூபாய்ச் சரக்குக்கு 28 ரூபாய் வரி என்றால், வாங்குபவர் தரும் 128 ரூபாயில் வரியின் பங்கு சுமார் 22 சதவீதம். 2026 பிப்ரவரி 1 முதல் பீடியின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. வரியின் பங்கு இப்போது சுமார் 15 சதவீதம். இந்தச் சலுகை முழுவதும் வாங்குபவருக்குப் போய்ச் சேர்ந்தால் பீடியின் விலை ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். எந்த நாளில் சிகரெட்டின் வரி உயர்ந்ததோ அதே நாளில் பீடியின் வரி இறங்கியது. மேலே ஏற முடியாதவருக்குக் கீழே அகலமான கதவு ஒன்று திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

பீடி சிறியது, அதனால் தீங்கும் சிறியது என்று எண்ணுவோர் பலர். பீடியில் உள்ள புகையிலை சுமார் 0.2 கிராம், சிகரெட்டில் சுமார் 0.7 கிராம். ஆனால் சிகரெட்டுத் தாள் நுண்துளைகள் கொண்டது. பக்கவாட்டில் காற்று புகுந்து புகையை ஓரளவு நீர்க்கச் செய்யும். பீடி இலை அவ்வாறு காற்றை விடுவதில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்தாக வேண்டும். பில்டரும் இல்லை. எனவே சிறிய பீடி, சிகரெட்டுக்குக் குறையாத நிக்கோடினையும் தாரையும் தருகிறது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, சென்னை நகரிலும் நமக்கு அண்டையிலுள்ள விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நடந்தது. சுமார் 43,000 ஆண்களின் இறப்புகளை 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். கிராமங்களில் புகைத்தது பெரும்பாலும் பீடியே. புகைப்போர் காசநோயால் இறப்பது, புகைக்காதவரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டார்கள். இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் சுமார் பாதிக்குப் புகைபிடித்தலே காரணம் என்று மதிப்பிட்டார்கள். 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் இன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் உள்ளது. காசநோயை எதிர்த்து அங்கே ஒரு கை போராடுகிறது. பீடியின் வரியைக் குறைத்து மறு கை அதற்கு எதிராக வேலை செய்கிறது.

மறுப்புகள்

பீடி வரியை உயர்த்தினால் குடியாத்தம், முக்கூடல், தென்காசிப் பகுதிகளில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்னாகும்? இது அலட்சியப்படுத்தக் கூடாத கேள்வி. ஆனால் குறைந்த வரி அவர்களுக்கு என்ன தந்தது? 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடியின் மீது ஒரு தனித் தீர்வை வசூலித்து, அதைக் கொண்டு தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், வீடும், மருத்துவமும் தரப்பட்டன. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. தொழிலாளரின் பெயரால் வரிச் சலுகை நிலைத்தது. தொழிலாளருக்கென்றே இருந்த தீர்வை மறைந்தது. உயர்த்தும் வரியில் ஒரு பங்கை அவர்களின் மாற்றுத் தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று ஒதுக்குவதே நேரான வழி.

ஏழையின் தலையில் வரிச் சுமை ஏற்றலாமா என்பது அடுத்த மறுப்பு. வரி செலுத்தியும் புகைப்பவருக்கு அது சுமைதான்; மறுக்கவில்லை. ஆனால் விலை ஏறினால் முதலில் விடுபவரும் ஏழைதான். நோயால் குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் இழக்கும் கூலியோடு ஒப்பிட்டால் எது பெரிய சுமை என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

கள்ளக் கடத்தல் பெருகும் என்பது மூன்றாவது. இலங்கையில் 2016-க்குப் பின் சிகரெட் விலை வெகுவாக உயர்ந்தது. இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து படகில் போகும் பீடி இலை மூட்டைகளை இலங்கைக் கடற்படை பிடிக்கும் செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். கடத்தல் உண்டு, அதைத் தடுக்கக் காவலும் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் அங்கே கடத்தப்படும் பொருள் எது என்று பாருங்கள். மலிவாக விடப்பட்ட அதே பீடியின் இலை!

எதை அளக்கலாம்?

எந்த அளவுகோலைக் கொடுத்தாலும் உற்பத்தியாளர் அதற்கேற்ப வளைவார் என்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் 1999 வரை புகையிலையின் எடைக்கு வரி விதித்தார்கள். உடனே எடை குறைந்த சிகரெட்டுகள் பெரிய பெட்டிகளில் மலிந்தன. அந்த ஆண்டு நவம்பரில் எண்ணிக்கைக்கு மாறினார்கள். பிலிப்பைன்ஸ் நாடு 2012-ல் சட்டமியற்றி, இரு படிகளாக இருந்த சிகரெட் வரியை 2017-ல் ஒரே படியாக்கியது. அங்கே 2009-ல் 29.7 சதவீதமாக இருந்த புகையிலைப் பயன்பாடு, படிகளின் இடைவெளி குறைந்து வந்த 2015-லேயே 23.8 ஆகக் குறைந்திருந்தது.

எண்ணிக்கைக்கு வரி விதித்தால் சிகரெட்டை நீட்டி விற்க மாட்டார்களா என்று கேட்கலாம். ஓரளவு நீட்டுவார்கள். ஆனால் புகைப்பவர் ஒரு வேளைக்கு எடுப்பது ஒரு சிகரெட் அல்லது ஒரு பீடி; அவருடைய உடலின் கட்டுப்படுத்தி மில்லி மீட்டரை அறியாது. ஆகவே தீங்குக்கு மிக அருகில் நிற்கும் அலகு எண்ணிக்கையே. நீளம் எதுவானாலும், பில்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே வரி. பீடியையும் சில ஆண்டுகளில் அதனருகே கொண்டுவரும் முன்னறிவிப்பு. வருவாயோடு சேர்ந்து ஆண்டுதோறும் தானாக உயரும் ஏற்பாடு. ஒற்றைச் சிகரெட் விற்பனைக்குத் தடை. இவை நான்கும் சேர்ந்தால் படிக்கட்டு சரிவுப் பாறையாகும்.

ஐந்தாவதாக ஒன்று வேண்டும். விட நினைப்பவருக்கு உதவும் நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதில் ஒரு துண்டின் விலைக்குப் பல பீடிகள் வாங்கலாம். நோயைவிட மருந்து விலை கூடியிருக்கும்போது ஏழை எதை வாங்குவார்? உயர்த்தும் வரியிலிருந்து அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகத் தர வேண்டும்.

2009-10-க்கும் 2016-17-க்கும் இடையில் நாடு முழுவதும் புகையிலைப் பயன்பாடு 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் அது 16.2-லிருந்து 20.0 ஆக உயர்ந்தது. அந்த உயர்வுக்கு வரி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாம் ஓய்ந்திருக்க முடியாது என்பதை அந்த எண் சொல்கிறது. மாணவ நண்பர்களே, அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்போது "சிகரெட் விலை உயர்வு" என்ற தலைப்பைப் படித்ததோடு நின்றுவிடாதீர்கள். எந்த நீளத்துக்கு எவ்வளவு, பீடிக்கு எவ்வளவு, கடந்த ஆண்டில் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று மூன்று எண்களைத் தேடி எடுத்து எழுதிப் பாருங்கள். வரி உண்மையில் ஏறியிருக்கிறதா, இடம் மாறி இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.